இதயத்தின் முனையில் வைத்த பை

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

தூங்குமூஞ்சி இந்தத் தடவையும் தன் பெயரைக் காப்பாற்றிவிட்டான். ரத்தம் எடுக்க ஊசி குத்தி முடிப்பதற்குள் குறட்டை. பையன் மயங்கிவிட்டான் என்று நர்ஸ் பதறிப்போய் அவன் கன்னத்தில் தட்ட, அவன் கண்ணைத் திறந்து, "எந்த ஸ்டாப்புக்கா?" என்று கேட்டான். என் வாண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பரிசோதனை எல்லாம் முடிந்து நாளைக்கு அவளுக்கு ரத்தம் ஏறும். இந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அவன் இன்றைக்கே பஸ் ஏறுகிறான். ரத்தம் கொடுக்க வருகிறவர் கையில்தான் கடிதம் வர வேண்டும், அவர் கையில்தான் பதில் போக வேண்டும் என்பது உன் மருமகள் போட்ட சட்டம். நீயும் நானும் போனில் ஆயிரம் பேசினாலும் அது கணக்கில் சேராதாம். பின்பக்கம் அவள் எழுதியிருப்பது அவனுக்கு. நீ படிக்காதே.

விருது விண்ணப்பத்தில் எங்கள் தாய்மார் சங்கத்தையும் சேர்த்திருக்கிறாயாமே. மருந்துக்கடைக்குப் பின்னால் ஒரு அறை, ஒன்பது அம்மாக்கள், ஒரு மின்விசிறி. இதற்கு மனிதநேய விருதா? சரி, உன் மாணவர் குழுவுக்குக் கிடைத்தால் சந்தோஷம். 'உங்கள் பணியை விளக்கவும்' என்று கேட்டிருப்பதாகச் சொன்னாய். நான் மருந்துக்கடையில் பில் போடுகிறவள், எனக்கு அலங்காரமாக எழுத வராது. இப்படி எழுதிக்கொள்: எங்கள் பிள்ளைகளுக்குத் தலசீமியா, உடம்பில் நல்ல ரத்தம் ஊறாது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை வேறொருவர் ரத்தம் ஏற்றினால்தான் பள்ளிக்கூடம், விளையாட்டு, உயிர் எல்லாம். வருஷக்கணக்காக ஏற்றி ஏற்றி என் மகளின் உடம்பு மற்றவர் ரத்தத்தை எதிர்க்கத் தொடங்கிவிட்டது. ஒரு கல்லூரியையே சோதித்துப் பார்த்ததில் அவளுக்கு ஒத்துப்போனவர்கள் நாலே பேர். நெட்டை, கண்ணாடி, தூங்குமூஞ்சி, கல்லூரி பஸ் ஓட்டும் டிரைவர் மாமா. ஒருவர் கொடுத்தால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். அதனால் முறை வைத்து வருகிறார்கள். நாலு பேர் ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் முதல் ஆள் தயாராகிவிடுவார். எங்கள் பணி அவ்வளவுதான், அந்தச் சுற்று நிற்காமல் பார்த்துக்கொள்வது.

அடுத்த முறை நெட்டை. இருபத்தைந்தாம் தேதி வரச் சொல். ஒழுங்காகச் சாப்பிடச் சொல். அவன் உயரத்துக்கு அவன் சாப்பிடுவது போதாது.

உன் அக்கா


ஜூன் 21

என் அன்பு அக்காவுக்கு,

வாண்டுவின் சட்டத்தை மீறி இதைத் தபாலில் போடுகிறேன். அவளிடம் நீயே மன்னிப்பு வாங்கிக் கொடு. நாலு நாள் பொறுக்க என்னால் முடியவில்லை.

அக்கா, நேற்று நம் கல்லூரி மைதானத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரே நாள் ரத்ததான முகாம். விருதுக்குழுவினர் ஒரே நாளில் எத்தனை பேர் என்றுதான் பார்க்கிறார்களாம். காலையில் கூட்டம் வருமா என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். மதியத்துக்குள் படுக்கை போதாமல் வகுப்பறை பெஞ்சுகளை இழுத்துப் போட்டோம். ஊசிக்குப் பயந்து தடுப்பூசிக்கே ஓடி ஒளிகிறவர்கள் எல்லாம் வரிசையில் நின்றார்கள். நான் வாத்தியார் வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் என் மாணவர்களைப் பார்த்து இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

முதல் ஆளாக யாரைப் படுக்க வைத்தேன் தெரியுமா? நம் நெட்டையை. "சார், என் முறை இருபத்தஞ்சுல்ல?" என்று இழுத்தான். "எப்படியும் கொடுக்கப்போற ரத்தம்தானேடா, அஞ்சு நாள் முன்னாடி கொடு. உன்ன விட்டா வேற யாரு தொடங்கி வைக்கிறது?" என்றேன். கேமராக்கள் எல்லாம் அவன் மேல்தான். அவனுடைய பையை உன் மருத்துவமனைக்கு அனுப்பிவிடும்படி ரத்த வங்கி வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டேன். கவலைப்படாதே.

சாயங்காலம் விழா. விருதுக்குழுத் தலைவரும் வந்திருந்தார். மேடையில் வெள்ளைத்துணி விரித்து, ரத்தப் பைகளை இதய வடிவத்தில் அடுக்கி, ஏணி போட்டு மேலேயிருந்து படம் எடுத்தோம். என் யோசனைதான். இதயத்தின் கீழ்முனையில் நெட்டையின் பையை என் கையாலேயே வைத்தேன். வாண்டுவின் பங்கு அங்கே இருக்க வேண்டும் என்று ஓர் ஆசை. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விருது உறுதி என்று காதோடு சொல்லிவிட்டும் போனார்.

வாண்டுவுக்கு முத்தம்.

தம்பி


ஜூன் 25

தம்பி,

போன் செய்யாதே. எடுத்தால் வாயில் வந்ததைச் சொல்லிவிடுவேன், சொன்னதை அள்ள முடியாது. எழுதினால் கிழிக்கலாம். இது நான் எழுதும் மூன்றாவது தாள்.

பை வரவில்லை. நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. உன் வண்டிக்காரர் யார், எந்த ஊர் வண்டி, எந்த ரத்த வங்கி, இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

காலையில் நெட்டை வந்து நின்றான். கையில் பிளாஸ்திரி கூட இன்னும் பிரிக்கவில்லை. "சார் பை வந்துரும்னாரு. எனக்கு மனசு கேக்கல, கிளம்பிட்டேன். இன்னொரு தடவ எடுத்துக்கச் சொல்லுங்கக்கா, எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று டாக்டரிடம் கையை நீட்டுகிறான். டாக்டர் அவனைத் திட்டினார். அவன் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதான். அவ்வளவு உயரமான பையன் அப்படிச் சுருண்டு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவனை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியது உன்னை.

எப்படியும் கொடுக்கப்போகிற ரத்தமா? யாருக்குக் கொடுக்கப்போகிற ரத்தம்? கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கியிருக்கிறாய்.

வேறு யார் என்று கேட்பாய். கண்ணாடிக்கு மஞ்சள் காமாலை என்று போன வாரம்தான் செய்தி வந்தது, இனி அவன் கொடுக்கவே முடியாமல் போகலாம். தூங்குமூஞ்சி கொடுத்து மூன்று வாரம்தான் ஆகிறது. டிரைவர் மாமா மே மாதம் கொடுத்தார், அவர் முறை ஆகஸ்டில். நாலு பேரில் இன்றைக்குக் கை நீட்டக்கூடியவன் நெட்டை ஒருவன்தான் இருந்தான்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த வாண்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏன் என்று கேட்டால், "சும்மா, காத்து வாங்குறேன்" என்கிறாள். பொய் சொல்லப் பழகிவிட்டாள்.

அந்தப் பையைத் தேடிக் கொண்டுவா. நெட்டையிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன். பின்பக்கம் அவள் அவனுக்கு எழுதியிருப்பதைப் படி. இந்தத் தடவை நீ படித்தே ஆக வேண்டும்.

அக்கா


ஜூன் 29

அக்கா,

படித்தேன். 'நெட்டை அண்ணா, அழாதே, அடுத்த தடவை டபுளா கொடு.' அவனிடம் கொடுத்தேன். சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான். என்னிடம் பேசுவதில்லை.

வண்டியைத் தேடிக் கண்டுபிடித்தேன். பெரிய நகரத்து ரத்த வங்கி. முந்தாநாள் நேரில் போனேன். பை வேறு யாருக்காவது ஏற்றப்பட்டிருக்கும் என்று பஸ் முழுக்க என்னைத் தயார்படுத்திக்கொண்டேன். பிரசவத்தில் ஒரு பெண், விபத்தில் ஒரு பையன், யாரோ ஒருவர் பிழைத்திருப்பார், அதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் கூட யோசித்து வைத்திருந்தேன். அந்த வாக்கியத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அங்கே பரிசோதனைக்கூடத்தில் இருந்த அம்மாவிடம் பை எண்ணைக் கொடுத்தேன். கணினியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "படத்துக்கு வெச்சதா?" என்றார். எனக்கு உடனே புரியவில்லை. நேராகக் குளிர்பெட்டிக்குப் போன பைகள் எல்லாம் நல்லபடியாக வந்து சேர்ந்தனவாம். மேடையில் அடுக்கியவற்றை மட்டும் தொட்டுப் பார்த்தாராம். "வெதுவெதுன்னு இருந்துச்சு சார். எவ்வளவு நேரம் வெளிய இருந்துச்சு?" என்று கேட்டார். நான் கணக்குப் போட்டேன். வரவேற்புரை, தலைமையுரை, என் உரை, நன்றியுரை. அதற்கப்புறம் விளக்கு சரியில்லை என்று இரண்டாவது முறை எடுத்த படம். "ரத்தம் என்ன பூவா சார், மேசைல அலங்காரம் பண்ண?" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. படத்தில் இருந்த எல்லாப் பைகளையும் அன்றைக்கே அழித்துவிட்டார்கள்.

முனையில் இருந்ததையும்தான்.

நான் வைத்த கை இது. இதே கையால் இதை எழுதுகிறேன். முகாம் நடத்துகிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? தெரியும் அக்கா. குளிரில் வைக்க வேண்டும் என்று மாணவர்களுக்கு நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். கொஞ்ச நேரம்தானே என்று நினைத்தேன். கைதட்டல் காதில் விழும்போது நேரம் தெரிவதில்லை.

விருதுக்குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதிவிடப் போகிறேன். விருது வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குழுப் பொறுப்பிலிருந்தும் விலகிவிடுகிறேன். அதையாவது செய்தால்தான் உன் முகத்தில் விழிக்க முடியும்.

தம்பி


ஜூலை 3

தம்பி,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். பில்லுக்குக் காத்திருந்தவர் "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

பேர் தெரியாத யாருக்காவது போயிருந்தால் நான் ஆறியிருப்பேன். எங்கள் பிள்ளைகள் பேர் தெரியாதவர்கள் ரத்தத்தில் வளர்ந்தவர்கள்தானே. குப்பைக்குப் போயிருக்கிறது. நெட்டை பட்டினி கிடக்காமல், ராத்திரி கண் விழிக்காமல், மூன்று மாதம் தன் உடம்பைப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த ரத்தம் குப்பைக்குப் போயிருக்கிறது. இதை நான் மன்னிக்கப்போவதில்லை. அதை எதிர்பார்த்து உட்காராதே.

ஆனால் விருதுக்குழுவுக்கு எழுதாதே.

எழுதிவிட்டாயா? இல்லையென்றால் பேனாவை மூடி வை. நான் சொல்வதைக் கேள். நீ உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? பேப்பரில் வரும். கல்லூரி தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள உன் குழுவை இழுத்து மூடும். உனக்கு மனசு லேசாகும். எனக்கு? கண்ணாடி பட்டியலிலிருந்து போய்விட்டான். நெட்டை அடுத்த வருஷம் படிப்பு முடித்து வேலைக்குப் போய்விடுவான், தூங்குமூஞ்சியும் போவான். புதிதாக வருகிற பிள்ளைகளைச் சோதித்தால்தான் இவளுக்கு ஐந்தாவது ஆள், ஆறாவது ஆள் கிடைப்பார்கள். விருது வந்தால் முதலாண்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தப் பரிசோதனை செய்ய அனுமதி தருவதாக உங்கள் முதல்வர் சொன்னதாக நீதானே போன மாதம் துள்ளிக் குதித்தாய்? இப்போது அந்த வாசலையும் அடைக்கப் பார்க்கிறாய்.

உன் மனசாட்சிக்கும் என் மகள்தான் ரத்தம் கொடுக்க வேண்டுமா?

அவளால் இப்போது மாடிப்படி ஏற முடியவில்லை. அவள் அப்பா தூக்கிக்கொண்டு ஏறுகிறார். ஏறி முடித்ததும் அவருக்கு மூச்சு வாங்குகிறது, அவளுக்கும் வாங்குகிறது. தூக்கி வந்தவருக்கு வாங்கலாம், தோளில் கிடந்தவளுக்கு ஏன் வாங்க வேண்டும்? தூங்கும்போது அவள் கழுத்தில் துடிப்பது எனக்குக் கண்ணுக்கே தெரிகிறது. உதடு வெளுத்து, தோலும் உதடும் ஒரே நிறமாகிவிட்டது. இன்னும் இறங்கினால் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒத்துப்போகாத ரத்தத்தை ஏற்றிப் பார்ப்பதா, இப்படியே விடுவதா என்று என்னைக் கேட்கிறார். டிரைவர் மாமாவிடம் முன்கூட்டியே ரத்தம் எடுக்க முடியுமா என்று டாக்டர் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

நேற்று உன் விருதுக்குழுவிலிருந்து ஒரு பெண் பேசினாள். சங்கத்துக்கும் விருதாம். குழந்தையை மேடைக்கு அழைத்து வர முடியுமா என்று கேட்டாள். "நடக்க முடியலன்னாலும் பரவால்ல மேடம், வீல்சேர் ஏற்பாடு பண்ணிடறோம், பாக்க இன்னும் உருக்கமா இருக்கும்." நான் போனை வைத்துவிட்டேன்.

இரண்டையும் நீயே போய் வாங்கு. சிரித்துக்கொண்டு வாங்கு.

அக்கா


ஜூலை 7

அக்கா,

சரி.

குழுவுக்கு எழுதி வைத்திருந்ததைக் கிழித்துவிட்டேன். பன்னிரண்டாம் தேதி விழா. வாங்குகிறேன்.

டிரைவர் மாமா உன் டாக்டரிடம் தானே பேசிவிட்டார். "மூணு மாசம் ஆகலன்னா என்ன சார், வண்டிக்கே ரிசர்வ்னு ஒண்ணு இருக்குல்ல" என்றாராம். டாக்டர் சிரிக்கவில்லை. பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தால் இந்த ஒரு தடவை மட்டும் என்று சொல்லியிருக்கிறார். பதினாலாம் தேதி அவர் அங்கே இருப்பார். அதுவரைக்கும் அவளைத் தாங்கிப் பிடி. உனக்குச் சொல்ல எனக்கு வாயில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

தம்பி


ஜூலை 13

அக்கா,

இது டிரைவர் மாமா கையில் வருகிறது. வாண்டுவிடம் சட்டப்படி அனுப்பியிருக்கிறேன் என்று சொல்.

நீ சொன்னபடியே செய்தேன். பெரிய மண்டபம். எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். வீடில்லாதவர்களுக்குப் போர்வை கொடுப்பவர்கள், பார்வையற்றவர்களுக்குப் பாடம் வாசிப்பவர்கள், எல்லோரும் நல்லவர்கள். அவர்கள் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பெயரைக் கூப்பிட்டபோது மேடைக்குப் பின்னாலிருந்த திரையில் அந்தப் படம் வந்தது. ஒரு சுவர் அளவுக்கு. மண்டபம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் முனை எங்கே இருக்கும் என்று என் முதுகுக்குத் தெரிந்தது.

இரண்டு கேடயங்களையும் வாங்கிக்கொண்டேன். பேசச் சொன்னார்கள். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாது, அதனால் நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். எவ்வளவு அடக்கம் என்று அதற்கும் கைதட்டினார்கள். தலைவர் தோளில் கை போட்டு, "அடுத்த வருஷம் ரெண்டு இதயம் வெச்சிடலாமா?" என்றார். வைக்க மாட்டோம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

நெட்டை விழாவுக்கு வரவில்லை. அவனிடம் மட்டும் நேற்று காலை உண்மையைச் சொன்னேன். உன்னிடம் கேட்காமல் சொன்னதற்குத் திட்டு. அவன் ரத்தம் அது, அவனுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. அப்புறம், "புதுப் பசங்கள எப்ப சார் டெஸ்ட் பண்றோம்?" என்றான். முதல்வர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆகஸ்டில் முதலாண்டு வகுப்புகள் திறந்ததும் தொடங்குகிறோம். முதல் நாள் மேசையில் நெட்டையும் உட்காருகிறான்.

ஒரு பொய்யின் மேல் மேசை போட்டு உட்காருகிறோம் அக்கா. அவள் பிழைத்தால் அந்தப் பொய்யை நான் சுமந்துகொள்கிறேன். பிழைக்காவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. பதினாலாம் தேதி பஸ் நிலையம் வரைக்குமாவது டிரைவர் மாமாவோடு வரலாமா என்று நினைத்தேன். நீ கூப்பிடாமல் எப்படி வருவது?

தம்பி


ஜூலை 15

தம்பி,

ஏறுகிறது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். ஒரு பைதான். விட்டுப்போனதையும் சேர்த்தால் ஏற வேண்டியது இரண்டு. இருந்தாலும் மதியத்துக்கு அப்புறம் உதட்டில் ஏதோ ஒரு நிறம் வந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரிகிறதோ என்று நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் ஆமாம் என்றாள். இதயத்தை இன்னும் இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர்.

டிரைவர் மாமா நேற்று கொடுத்துவிட்டு எழுந்து நின்றவர் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணுமில்லம்மா, கியர் சரியா விழல" என்றார். ராத்திரி இங்கேயே வராந்தா பெஞ்சில் படுக்க வைத்தோம். நாளைக்குத்தான் பஸ் ஏறுகிறார், நன்றாகச் சாப்பிட வைத்துத்தான் அனுப்புவேன்.

இந்தத் தாளின் பின்பக்கம் அவருக்கு எழுத வேண்டும் என்று இவள் பென்சில் கேட்டாள். 'டிரைவர் மாமா' என்று எழுதியதும் கை ஓய்ந்துவிட்டது. மீதியை அடுத்த தடவை எழுதுவதாகச் சொல்லச் சொன்னாள்.

டிரைவர் மாமா வழியில் படிக்க ஒரு பேப்பர் வாங்கி வந்திருந்தார். அதை நான் மடித்து ஒளித்து வைப்பதற்குள் இவள் பார்த்துவிட்டாள். நீ கேடயத்தோடு நிற்கிறாய், மேலே பெரிதாக அந்த இதயம். மார்பின் மேல் விரித்து வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பையாக விரலால் தொட்டாள். "நெட்டை அண்ணனோட பை எதும்மா? எனக்குன்னு கொடுத்தது?" என்றாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இந்த மாதம் முழுக்க அவள் என்னிடம் பொய் சொன்னாள், நானும் சொன்னேன். இன்றைக்கு முடியவில்லை. கீழ்முனையைக் காட்டினேன்.

அதன்மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டாள். அப்புறம் கேட்டாள், "நம்ம மாமா அதுக்குப் பக்கத்துலதானே நின்னாரு. கையோட எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?"

அவள் இன்னும் தூங்கவில்லை, பேப்பரும் மார்பின் மேலேயே கிடக்கிறது. இதற்குக் கடிதத்திலும் பதில் வேண்டாம், யார் கையிலும் கொடுத்தனுப்பவும் வேண்டாம்.

நீ வந்து அவளிடம் சொல்.

அக்கா